எந்த பீரோ, மாமா?

ராஜபாளையம்
11.6.2024, செவ்வாய்

தம்பி சௌந்தரபாண்டியனுக்கு,

மூணு நாளா உன் நம்பரை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு போச்சு. என் நம்பரை பிளாக் பண்ணிட்டன்னு ஸ்டுடியோவுல போன் எடுக்கிற முனீஸ்வரிதான் சொன்னா. அவ நம்பர், கடை நம்பர், எல்லாத்துக்கும் அதே கதிதானாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணும் சிங்கப்பூர் இல்ல, அரை மணி நேர பஸ். ஆனா நான் வந்து தட்டி, நீ கதவைத் திறக்காம, நாலு பேர் பார்க்கத் தெருவுல நிக்கிற வயசு எனக்கில்ல. அறுபத்திரண்டு ஆச்சு. அதனால இந்தத் தபால்.

நடந்தது சின்ன விஷயம். நான் யாவாரி, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. நம்ம லோக்கல் சேனல்ல நீ நடத்துற பிறந்தநாள் நிகழ்ச்சிக்குப் போன சனிக்கிழமை போன் போட்ட கௌதம்ராஜ், நம்ம கடை டிரைவர் மகன். அவனுக்கு அன்னைக்குப் பிறந்தநாள் கிடையாது. பெத்தவங்க எழுதிப் போட வேண்டிய பிறந்தநாள் சீட்டை எழுதினது நான். பரிசு ஒளிச்சு வச்ச இடம்கிற கட்டத்துல "பீரோவுக்குப் பின்னால"ன்னு எழுதினேன். முப்பது வருஷமா பீரோ விக்கிறவன் வேற என்னத்தை எழுதுவான்? நீயும் வழக்கம்போல, "கண்ணு, போனை வைக்காம போய் பீரோவுக்குப் பின்னால பாரு"ன்ன. அந்தப் பயல் கடை ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துட்டு, "இங்க பதினெட்டு பீரோ இருக்கு, எந்த பீரோ மாமா?"ன்னுட்டான். பக்கத்துல நின்ன நான், லைன்ல கேக்குமேங்கிற நினைப்பே இல்லாம, "ஏலே, விலைச்சீட்டு ஒட்டாத அந்தப் பச்சை பீரோலே"ன்னுட்டேன்.

அது நேரலையில போயிடுச்சு. போனா என்ன? ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அடுத்த போனை எடுத்திருக்கலாம். நீ தலைப்பாகையைக் கழட்டி மேசையில வச்சுட்டு, பம்பரத்தை அதுமேல வச்சுட்டு, பாதி நிகழ்ச்சியில எந்திரிச்சுப் போயிட்ட. மிச்ச இருபது நிமிஷமும் மிக்சி விளம்பரம் ஓட்டினோம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்திரு. தலைப்பாகையை அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்.

பீர் மைதீன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.6.2024

உயர்திரு பீர் மைதீன் அவர்களுக்கு,

இருபத்தோரு வருஷம் மொதலாளி என்று கூப்பிட்ட வாய்க்கு இந்த 'உயர்திரு' கசக்கத்தான் செய்கிறது. பழகிக்கொள்ளும்.

சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டுடியோ உங்கள் கடை மாடியில் இருக்கிறது. நான் படியிறங்கி வந்தபோது அந்தப் பிள்ளை கடை போனைக் காதில் வைத்துக்கொண்டு பீரோக்களுக்கு நடுவில் நின்றான். என்னைக் கண்டதும், "ஐ, பம்பர மாமா!" என்று குதித்தான். டிவிக்குள் இருந்து மாமா அவனைத் தேடி இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தான். அவன் தலையைத் தடவக்கூட எனக்குக் கை வரவில்லை. சுற்றி நின்ற உங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

யாரோ அதை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கீழரத வீதியில் டீக்கடைக்காரர் கிளாசை நீட்டும்போது, "எந்த பீரோ மாமா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு அதையே கேட்டார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சின்னதில் என் நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவராக இருப்பார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்தத் தேதியிலிருந்து? எந்தச் சனிக்கிழமை வரைக்கும் நான் நிஜப் பிள்ளைகளோடு பேசினேன், எதிலிருந்து உங்கள் கடை ஆட்களின் பிள்ளைகளோடு பேசினேன்? தேதியை மட்டும் எழுதினால் போதும். சமாதானம் வேண்டாம்.

சௌந்தரபாண்டியன்

*

ராஜபாளையம்
20.6.2024

தம்பிக்கு,

பக்ரீத் அன்னைக்கு உனக்கு பிரியாணி கொடுத்துவிட்டேன். டிபன் கேரியர் கழுவித் திரும்பி வந்துட்டது. சாப்பிட்டியா, நாய்க்குப் போட்டியான்னு தெரியல. மூடியில ஒரு பருக்கை இல்லாம கழுவியிருக்கிறதைப் பார்த்தா நீதான் சாப்பிட்டிருக்கணும்.

தேதி தேதிங்கிற. யாவாரத்துல ஒரு முறை இருக்கு, கேளு. நான் தள்ளுவண்டியில அலுமினியப் பாத்திரம் வித்தவன். முதன்முதலா கடை திறந்தப்ப, ஒரு வாரம் என் மச்சான்மாரு நாலு பேரைக் கட்டில்ல உக்கார வச்சு விலை பேச வச்சேன். ஆளில்லாத கடையில எவனும் கால் வைக்க மாட்டான். உள்ள நாலு தலை தெரிஞ்சாத்தான் அஞ்சாவது தலை எட்டிப் பார்க்கும். அதுக்குப் பேரு மோசடியா? பஜார்ல எல்லாரும் செய்றதுதான். உன் நிகழ்ச்சிக்கும் அப்படித்தான் நாலு தலையை நிப்பாட்டினேன்.

பிள்ளைக எல்லாம் செல்போனுக்குள்ள போயிருச்சு. லோக்கல் சேனலை யாரு பாக்கா? பிறந்தநாள் சீட்டு போடுற பெட்டியில முன்னால வாரத்துக்கு அறுபது சீட்டு விழும். பொறவு ஆறு. பொறவு ஒண்ணுமில்ல. இதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ வெள்ளிக்கிழமையே வந்து அந்தப் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்ப.

ராசிக்கல் விக்கிற ஆள் ஒருத்தர் சனிக்கிழமை பத்து மணியைக் கேட்டு நடக்கார். ஜூலையோட உன் நேரத்தை எனக்குத் தாங்கங்கார். நான் பதில் சொல்லல. போன சனிக்கிழமை பழைய நிகழ்ச்சியைப் போட்டு ஓட்டினேன். எம்புட்டு நாளைக்கு ஓடும்? கோபத்தை எறக்கி வச்சுட்டு வா.

பீர் மைதீன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
26.6.2024

உயர்திரு பீர் மைதீன் அவர்களுக்கு,

பிரியாணி சாப்பிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பு தூக்கல்.

ராசிக்கல்காரருக்கே கொடுங்கள். அவர் கல்லையாவது கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

நான் பழையபடி ஆட்டோ மைக்குக்குப் போகிறேன். நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததே அங்கேதான். துணிக்கடைத் தள்ளுபடியை நான் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டு வண்டியை மறித்தீர்கள். "இந்தக் குரலுக்குப் பிள்ளைக பின்னாலயே ஓடியாருதுக, நீ சேலை வித்துக்கிட்டு இருக்கியே" என்றீர்கள். இப்போது பால்கோவா கடைக்குச் சொல்கிறேன். பின்னால் யாரும் ஓடி வருவதில்லை. தெருமுனையில் நிற்கிற விடலைகள் மட்டும் பதிலுக்கு, "எந்த பீரோ?" என்று கத்துகிறார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. போன சனிக்கிழமை மதுரை பஸ்ஸில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று தெரியாமல் கிருஷ்ணன்கோவிலில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தேன். அங்கே காலேஜ் பிள்ளைகள் சிலர் அடையாளம் கண்டு, விழாவுக்கு வந்து நிகழ்ச்சி நடத்துங்கள் மாமா என்றார்கள். திங்கட்கிழமை போனேன். மேடை ஏறியதும் கேட்டார்கள்: பம்பரம் வேண்டாமாம், அந்த பீரோ காமெடியைச் செய்து காட்ட வேண்டுமாம். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். மைக்கைக் கீழே வைப்பது இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

நீங்கள் தேதியை எழுதவில்லை. கட்டிலில் மச்சானை உட்கார வைத்த கதையை எழுதியிருக்கிறீர்கள். கட்டிலுக்கு யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை.

சரி, தேதியை விடுங்கள். ஒரு பெயர் கேட்கிறேன். ஹஃப்ஸா.

போன வருஷம் தீபாவளி கழிந்து வந்த முதல் போன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "ஹ... ஹ..." அவ்வளவுதான். முனீஸ்வரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட் பண்ணவா என்று சைகை காட்டினாள். வேண்டாம் என்று கையாட்டினேன். "பாப்பா, மாமா பம்பரம் விடுறேன். அது சுத்தி முடியிற வரைக்கும் நேரம் இருக்கு. விழுந்தா மறுபடி விடுவேன். நீ எப்போ வேணா சொல்லு" என்றேன். அன்றைக்குப் பதினோரு தடவை விட்டேன். பெயர் வரவில்லை. எட்டாவது சனிக்கிழமை வந்தது. "ஹஃப்ஸா" என்று முழுசாக, ஒரே மூச்சில். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது, பாய். இருந்தும் உட்கார முடியவில்லை.

இருபத்தோரு வருஷத்தில் நான் செய்ததாக எனக்குத் தோன்றுவது அந்த ஒன்றுதான். ஹஃப்ஸாவும் உங்கள் ஏற்பாடா? அந்தத் திக்கலும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததா? ஒரு வரியில் எழுதுங்கள்.

சௌந்தரபாண்டியன்

*

ராஜபாளையம்
3.7.2024

சௌந்தரபாண்டியனுக்கு,

ஒரு வரியில எழுத முடியாது. செத்த நேரம் பொறுத்து முழுசும் படி.

தேதி: 2021 செப்டம்பர் 18. இரண்டாவது லாக்டவுன் முடிஞ்ச பொறவு. அன்னைக்கு ஒரு போன் வரல. கடையில சுவத்துல இருபத்திரண்டு டிவி மாட்டியிருக்கோம்ல, அம்புட்டுலயும் நீதான். "யாரு பேசப் போறீங்க, யாரு பேசப் போறீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்க. நாலு நிமிஷம். இருபத்திரண்டு டிவியிலயும் நீ பம்பரத்தை உள்ளங்கையில சுத்த விட்டு, போனையே பார்த்துக்கிட்டு இருக்க. கடைக்கு வந்த ஒரு அம்மா, "பாவம், இந்த ஆளுக்கு யாரும் பேச மாட்டாங்களா?"ன்னு கேட்டுட்டாங்க.

நான் கொடவுனுக்குள்ள போய் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு போன் போட்டேன். "மாமா, நான் மம்சாபுரம் ஷாநவாஸ், மூணாப்பு"ன்னேன். நீ, "ஷாநவாஸ் கண்ணு, தொண்டை கட்டியிருக்கே, ஐஸ் சாப்பிட்டியா? பனங்கற்கண்டு வாயில போட்டுக்கோ"ன்ன. முதல் பிள்ளை நான்தான், பாண்டியன். இதை இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. என் வீட்டுல கூடத் தெரியாது. போனை வச்சுட்டு நிஜமாவே போய்க் கற்கண்டு வாங்கித் தின்னேன்.

அடுத்த வாரத்துல இருந்து கடை ஆட்க பிள்ளைகளுக்கு முறை போட்டேன். உன் காலுக்கு நேரா கீழ, கொடவுன்ல நின்னுதான் பேசுவாங்க.

இப்ப ஹஃப்ஸா. பில் போடுற சம்சாத் பேகம் மகள். ஒன்பது வயசு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, ஆத்தாகூட கடைக்கு வந்து பழைய அட்டைப்பெட்டிக்குள்ள உக்காந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு நான் முறை போடவே இல்ல. எப்படிப் போடுவேன்? பேச வராத பிள்ளை. பள்ளிக்கூடத்துல டீச்சர் பேர் கூப்பிட்டாக் கையை மட்டும் தூக்குமாம். அந்தச் சனிக்கிழமை முறை உள்ள பையன் வரல. நான் தேடிப் போயிட்டுத் திரும்பி வந்தா, அது போனை எடுத்துக் காதுல வச்சிருக்கு. தானா நம்பரைப் போட்டிருக்கு. சத்தியமாச் சொல்றேன், பிடுங்கத்தான் போனேன். நேரலை வீணாப் போகுமேன்னு கை நீட்டிட்டேன். நிமிந்து டிவியைப் பார்த்தா நீ பம்பரம் விடுற. விழுது, மறுபடி விடுற. கையை எடுத்துட்டேன்.

அந்தப் பிள்ளையோட திக்கல் அல்லா கொடுத்தது. அதை எடுத்தது நீ. நான் கொடுத்தது போன் மட்டும்தான், அதுவும் எனக்குத் தெரியாம.

அன்னைக்கு நான் சிரிச்சது நெசம். அதுக்கு மன்னிப்பு. சிரிச்சிட்டேன், அம்புட்டுத்தான். வேற காரணம் சொல்லத் தெரியல.

பீர் மைதீன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.7.2024

பாய்க்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஷாநவாஸ் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான். அதற்கப்புறம் ஆறு மாசம், யார் மம்சாபுரத்திலிருந்து பேசினாலும், "அங்கே தொண்டை கட்டின ஷாநவாஸைத் தெரியுமா?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை, "தெரியும் மாமா, சரியாயிருச்சு" என்றது. அதுவும் கொடவுனில் இருந்துதான் பேசியிருக்கும். நல்ல பிள்ளை.

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன். எனக்குத் தெரியும், பாய். முழுசாகத் தெரியாது; ஆனால் தெரியும். சீட்டுகள் எல்லாம் உங்கள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வந்தன. எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் ஒரே சீலிங் ஃபேன் கிரீச்சிட்டது. சில நேரம் அந்தச் சத்தம் போனில் வருவதற்கு முன்னால் தரை வழியாக வந்தது. நான் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்று பயம். வெள்ளிக்கிழமை பெட்டியைக் குலுக்கியது சீட்டு இருக்கிறதா என்று பார்க்க இல்லை. இருக்கிறது என்று காதுக்குச் சொல்லத்தான்.

ஆக, மோசம் பண்ணியதில் பாதி எனக்கு. கோபம் உங்கள் மேல் மட்டும் என்றால் எப்போதோ வந்திருப்பேன்.

போன வாரம் கோர்ட் பக்கம் ஆட்டோவை ஒரு பெண் போலீஸ் நிறுத்தினார். மைக் சத்தத்துக்கு அபராதம் என்று நினைத்தேன். "மாமா, நான் சிவரஞ்சனி. ஏழாவது பிறந்தநாளுக்கு மாவு டிரம்முக்குள்ள சைக்கிள் பெல் இருக்குன்னு சொன்னீங்க. சைக்கிள் மாடியில இருந்தது" என்றாள். இவள் 2008-ல் பேசிய பிள்ளை. கொடவுன் பிள்ளை இல்லை. 'எந்த பீரோ' என்று கேட்கவும் இல்லை. அவளை அனுப்பிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அரைமணி நேரம் பால்கோவா என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

ஆனாலும் வர மாட்டேன். ஊர் சிரிக்கும். சிரிக்கிற ஊருக்கு முன்னால் ஐம்பத்துமூன்று வயதில் தலைப்பாகை கட்டிக்கொண்டு பம்பரம் விட எனக்குத் தெம்பில்லை.

ஹஃப்ஸாவிடம் நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டீர்களா? சனிக்கிழமை என்ன செய்கிறாள்?

பாண்டியன்

*

ராஜபாளையம்
17.7.2024

தம்பி பாண்டியனுக்கு,

சொல்லல. சொல்ல வாய் வரல. சனிக்கிழமை பத்து மணிக்குக் கொடவுனுக்குப் போகுது, நம்பரைப் போடுது. மேல முனீஸ்வரி எடுத்து, "மாமா ஊர்ல இல்ல, அடுத்த வாரம்"ங்கா. போன சனிக்கிழமை முனீஸ்வரி லீவு. நான் எடுத்தேன். "ஹ... ஹ..."ன்னு பழையபடி ஆரம்பிச்சிருச்சு. உன் பம்பரத்தை எடுத்து விட்டேன். அது என் கையை விட்டு நேராப் போய் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில அடிச்சுது. புதுசு, டெலிவரிக்கு மேல கொண்டாந்து வச்சிருந்தாங்க. கண்ணாடி போச்சு. சத்தம் கேட்டு அது போனை வச்சிருச்சு.

சம்சாத் பேகம் நேத்து கல்லாகிட்ட வந்து நின்னுச்சு. "பள்ளிக்கூடத்துல டீச்சர் பேர் கேட்டா மறுபடி கையைத் தூக்குறா பாய்"னுச்சு. என்னைப் பார்த்துக் கேக்கல, பில் மெஷினைப் பார்த்துச் சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கு மேல எனக்கு அந்த நாற்காலியில உக்கார முடியல. கடையை நாலு சுத்து சுத்தி வந்தேன்.

ராசிக்கல்காரருக்கு ஆகஸ்ட்ல இருந்து சரின்னுட்டேன். நான் யாவாரி, ஆளில்லாத நேரத்தைச் சும்மா போட்டு வைக்க மாட்டேன். மிச்சம் இருக்கிறது ரெண்டு சனிக்கிழமை. இருபதாம் தேதிக்குள்ள உனக்கு இந்தக் காயிதம் கிடைச்சு நீ யோசிச்சு முடிக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியும். இருபத்தேழாம் தேதியைக் காலியா வச்சிருக்கேன். நீ வந்தா நேரலை. வராட்டி அந்த ஒரு மணி நேரமும் திரையைக் கருப்பா விட்டுருவேன், மிக்சி விளம்பரம் கூடப் போட மாட்டேன். ஆகஸ்ட்டுக்கு அப்புறம் நீ இருந்தா, ராசிக்கல்லை ஒன்பது மணிக்குத் தள்ளிக்கலாம். அந்த ஆள்கிட்ட இதை இன்னும் சொல்லல.

இதோட ஒரு சீட்டு வச்சிருக்கேன். பெட்டியில கிடந்தது. மூணு வருஷத்துல நான் எழுதாத முதல் சீட்டு. பில் புத்தகத்துத் தாள் இல்ல, பார்த்துக்கோ, ஸ்கூல் நோட்டு.

பீர் மைதீன்

(சீட்டில், பென்சில் எழுத்தில்:)

பிறந்தநாள் பிள்ளை பெயர்: பம்பர மாமா
வயது: தெரியாது
ஊர்: டிவி
பரிசு ஒளித்து வைத்துள்ள இடம்: போனில் நான் சொல்வேன்
இப்படிக்கு: ஹஃப்ஸா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.7.2024, திங்கள்

மொதலாளிக்கு,

சனிக்கிழமை எட்டே முக்கால் பஸ்ஸில் வருகிறேன். ஆடிப்பூரக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. நின்றுகொண்டு வந்தாலும் வருவேன்.

சில காரியங்கள். பம்பரத்தின் ஆணி கண்ணாடியில் பட்டு மழுங்கியிருக்கும். பட்டறையில் கொடுத்து ஆணி மாற்றி வையுங்கள், கயிறும் புதுசு. தலைப்பாகையை அயர்ன் பண்ண வேண்டாம், மடிப்பு நிற்காது. கௌதம்ராஜை ஸ்டுடியோவுக்கே கூட்டி வரச் சொல்லுங்கள். அவன் தலையைத் தடவ வேண்டியது பாக்கி. யாராவது போனில் "எந்த பீரோ?" என்று கேட்டால் முனீஸ்வரி கட் பண்ணக் கூடாது. விலைச்சீட்டு ஒட்டாத பச்சை பீரோ என்று நானே சொல்லிக்கொள்வேன்.

ஹஃப்ஸாவுக்கு முதல் போன். அவள் இடத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும், ஒரு மணி நேரமானாலும், நிகழ்ச்சியில் வேறு ஒன்றும் கிடையாது. விளம்பரக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடையில் இருபத்திரண்டு டிவியும் ஓட வேண்டும்.

இரண்டாவது போன் மம்சாபுரம் ஷாநவாஸ் போடட்டும். மூக்கைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இத்தனை நாளில் தொண்டை சரியாகியிருக்கும்.

பாண்டியன்